பயிரின் சாற்றை உறிஞ்சும் அசுவினி

மார்கழிப் பனி இறங்கத் தொடங்கியதும் அவரைப் பந்தல்களில் அந்தக் காட்சியைக் காணலாம். கொடியின் நுனியிலும் பூங்கொத்திலும் இளம் பிஞ்சுகளிலும் எள்ளை அள்ளி ஒட்டியதுபோல் கறுப்புப் பூச்சிகள் அப்பிக்கொண்டிருக்கும். பூக்கள் உதிரும், பிஞ்சுகள் சூம்பும். விவசாயி கடைக்குச் சென்று ஒரு மருந்தை வாங்கி வந்து தெளிக்கிறார். இரண்டு நாட்களில் பூச்சி குறைகிறது. பத்து நாட்கள் சென்றதும் முன்னைவிட அதிகமாக வந்துவிடுகிறது. மீண்டும் மருந்து, மீண்டும் செலவு.

மிளகாய் பயிரிட்டவரின் வருத்தம் வேறு விதமானது. அவர் அசுவினி ஒன்றுகூடத் தங்காதபடி மருந்து தெளித்துவிட்டார். ஆனாலும் தேமல் நோய் வயல் முழுவதும் பரவிவிட்டது.

மருந்து போலியாக இருக்கும் என்று பலர் நினைக்கின்றனர். சில சமயம் அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் நல்ல மருந்தைத் தெளித்தாலும் இந்த இரண்டு நிலைகளும் ஏற்படக்கூடும். அதற்கான காரணம் அசுவினியின் வாயிலும், அது உண்ணும் முறையிலும், பெருகும் வேகத்திலும் இருக்கிறது. இவற்றை அறிந்துகொண்ட விவசாயி, எப்போது மருந்து தெளிக்க வேண்டும், எப்போது தெளிப்பது வீண் என்பதைத் தாமே முடிவு செய்யலாம்.

உடல் அமைப்பு

அசுவினியைச் சில பகுதிகளில் அசுகுணி என்றும் செடிப்பேன் என்றும் சொல்வார்கள். உலகில் ஏறத்தாழ 5,000 வகை அசுவினிகள் உள்ளன. பெரும்பாலானவை 1 முதல் 3 மில்லிமீட்டர் நீளமே இருக்கும். உடல் பேரிக்காய் வடிவம் கொண்டது; தலைப்பக்கம் சிறுத்தும் வயிற்றுப்பக்கம் பருத்தும் காணப்படும். தோல் மிகவும் மென்மையானது. விரலால் லேசாகத் தேய்த்தாலே நசுங்கிவிடும். தலையில் இரண்டு நீண்ட உணர்கொம்புகளும், உடலின் கீழே ஆறு மெல்லிய கால்களும் உண்டு. தத்துப்பூச்சியைப்போல் இது குதிக்காது. இருந்த இடத்திலேயே கூட்டமாக இருந்து உண்ணும்.

அசுவினியை அடையாளம் காண ஓர் எளிய வழி உண்டு. பெரும்பாலான வகைகளில், வயிற்றின் பின்பகுதியில் முதுகுப் புறத்தில் இரண்டு சிறு குழல்கள் நீட்டிக்கொண்டிருக்கும். சாதாரண உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றைக் கொண்டு பார்த்தால், ஆலைக் கூரையின் மேல் இரண்டு புகைபோக்கிகள் நிற்பதுபோல் தெரியும். இலைப்பேனுக்கும் தத்துப்பூச்சிக்கும் வெள்ளை ஈக்கும் இத்தகைய குழல்கள் இல்லை.

அசுவினியிடமிருந்து வரும் இனிப்பு நீர் இந்தக் குழல்கள் வழியாகவே வருவதாக முற்காலத்தில் கருதினார்கள். அது சரியன்று. இனிப்பு நீர் கழிவாக ஆசனவாய் வழியே வெளிவருகிறது. எதிரி தாக்கும்போது குழல்களிலிருந்து பிசுபிசுப்பான ஒரு துளி வெளிப்படும். அதிலுள்ள வாசனை பக்கத்திலிருக்கும் மற்ற அசுவினிகளுக்கு எச்சரிக்கையாகும். வாசனை பட்டதும் அவை உண்பதை நிறுத்திவிட்டு நகர்ந்து செல்லும், அல்லது செடியிலிருந்து கீழே விழுந்துவிடும்.

ஒரே கூட்டத்தில் இறகில்லாத அசுவினிகளும் இறகுள்ளவையும் இருக்கும். இறகில்லாதவை இருந்த இடத்தில் பெருகும். இறகுள்ளவை புதிய செடிகளையும் புதிய வயல்களையும் தேடிச் செல்லும்.

கடிப்பதில்லை, குத்தி உறிஞ்சுகிறது

புழுக்களும் வெட்டுக்கிளிகளும் இலையைக் கடித்துத் தின்னும். அவற்றுக்குத் தாடைகள் உண்டு. அசுவினிக்குக் கடிக்கும் தாடை கிடையாது. தலையின் அடிப்பக்கத்திலிருந்து பின்னோக்கி மடிந்த ஒரு அலகு இருக்கிறது. அது ஓர் உறை போன்றது. அதற்குள் தலைமயிரைவிடப் பன்மடங்கு மெல்லிய நான்கு ஊசிகள் ஒன்றாகச் சேர்ந்து ஒரே ஊசிபோல் அமைந்துள்ளன. வெளியே இரண்டு, உள்ளே இரண்டு. உள்ளேயிருக்கும் இரண்டும் ஒன்றோடொன்று பொருந்தும்போது நடுவில் இரண்டு நுண்ணிய வாய்க்கால்கள் உண்டாகின்றன. ஒன்றின் வழியாக அசுவினியின் உமிழ்நீர் செடிக்குள் இறங்குகிறது. மற்றொன்றின் வழியாகச் செடியின் சாறு அசுவினியின் வயிற்றுக்கு ஏறுகிறது.

செடியின் தண்டிலும் இலை நரம்பிலும் இரண்டு வகைக் குழாய்கள் ஓடுகின்றன. ஒரு வகை, வேர் எடுக்கும் தண்ணீரை மேலே கொண்டு செல்கிறது. மற்றொரு வகை, இலையில் தயாரான சர்க்கரை உணவை வேருக்கும் பூவுக்கும் காய்க்கும் கொண்டு செல்கிறது. அசுவினி நாடுவது இந்த இரண்டாவது குழாயைத்தான். காய்க்குப் போகவேண்டிய உணவை அது வழியிலேயே மடக்கிக் குடித்துவிடுகிறது.

அந்தக் குழாயை அது அடையும் விதம் வியப்புக்குரியது. அலகின் நுனியை இலையின் மேல் ஊன்றி, ஊசியை மெல்ல உள்ளே செலுத்துகிறது. ஊசி செடியின் நுண்ணறைகளைக் கிழித்துக்கொண்டு நேராகப் போவதில்லை. அறைக்கும் அறைக்கும் நடுவிலுள்ள சுவர் வழியாக வளைந்து வளைந்து போகிறது. போகும் வழியில் அங்கங்கே ஓர் அறையில் லேசாகக் குத்தி, ஒரு துளியை ருசி பார்க்கிறது. ஏற்ற செடியா, சரியான வழியா என்பதை இவ்வாறு தெரிந்துகொள்கிறது. ஊசி போகும் பாதையில் உமிழ்நீர் கூழாக வெளிவந்து இறுகி, ஊசியைச் சுற்றி ஓர் உறைபோல் அமைந்துவிடுகிறது. கிணற்றுக்குள் உறை இறக்குவதை இதற்கு ஒப்பிடலாம். சாற்றுக் குழாயை எட்டுவதற்குக் குறைந்தது கால் மணி நேரமாவது பிடிக்கும். பெரும்பாலும் அதற்கும் அதிகமாகவே ஆகும்.

சாற்றுக் குழாயில் காயம் பட்டால் செடி அதை அடைத்துக்கொள்ள முயலும். அசுவினி மற்றொரு வகையான, நீர்த்த உமிழ்நீரைச் செலுத்தி அந்த அடைப்பு உண்டாகாமல் தடுக்கிறது. பிறகு அதற்கு அதிகச் சிரமம் இல்லை. குழாயிலுள்ள சாறு அழுத்தத்தோடு ஓடுவதால், அது தானாகவே ஊசி வழியாக ஏறி வருகிறது. 1953-ல் இங்கிலாந்தில் கென்னடி, மிட்லர் என்ற இரு விஞ்ஞானிகள் இதை ஒரு முறையாகவே வகுத்துக் காட்டினார்கள். சாறு குடித்துக்கொண்டிருந்த அசுவினியை மயக்கி, செடியில் ஊசியை மட்டும் விட்டுவிட்டு உடலை வெட்டி எடுத்துவிட்டார்கள். அசுவினி இல்லாமலேயே ஊசியின் நுனியிலிருந்து சாறு தொடர்ந்து கசிந்துகொண்டிருந்தது.

இதிலிருந்து விவசாயி அறிய வேண்டியது ஒன்று உண்டு. இலையின் மேல் படிந்து, தின்னும் புழுவின் வயிற்றில் சென்று கொல்லும் மருந்து அசுவினியைக் கொல்லாது. ஏனெனில் அசுவினி இலையின் மேற்பரப்பைத் தின்பதே இல்லை. தெளிப்பு அதன் உடலின் மேல் நேராகப் பட வேண்டும். அல்லது செடியின் சாற்றோடு கலந்து ஓடும் மருந்தாக இருக்க வேண்டும்.

இனிப்பு நீரும் கரும்படலமும்

செடியின் சாற்றில் சர்க்கரை மிகுதி. உடல் வளர்ச்சிக்குத் தேவையான தழைச்சத்துப் பொருட்கள் குறைவு. அந்தக் குறைவான சத்தைப் பெறுவதற்காக அசுவினி ஏராளமான சாற்றைக் குடிக்க வேண்டியிருக்கிறது. சாற்றில் இல்லாத சில சத்துக்களை, அசுவினியின் உடலுக்குள்ளேயே வாழும் ஒரு வகை பாக்டீரியா தயாரித்துக் கொடுக்கிறது. தாயிடமிருந்து குட்டிக்கு அந்த பாக்டீரியாவும் சேர்ந்தே போகிறது.

குடித்த சாற்றில் மிஞ்சிய சர்க்கரையும் தண்ணீரும் தேன் போன்ற துளிகளாக வெளியேறி, கீழேயுள்ள இலைகளின் மேல் விழுகின்றன. அசுவினி கண்ட செடியின் இலைகள் பிசுபிசுவென்று மின்னுவது இதனால்தான். இந்த இனிப்பின் மேல் கரும்பூசணம் வளர்ந்து, இலை புகை பிடித்ததுபோல் கறுத்துவிடுகிறது. பூசணம் இலைக்குள் நுழைவதில்லை. ஆனால் இலையை மூடிக்கொண்டு வெயிலைத் தடுப்பதால், செடி உணவு தயாரிப்பது குறைகிறது. பருத்தியில் வெடித்த பஞ்சின் மேல் இந்த நீர் விழுந்தால் பஞ்சு ஒட்டும் தன்மை பெற்று, விலை குறையும்.

எறும்புகள் வரிசையாகச் செடி ஏறுவதும் இந்த இனிப்புக்காகவே. எறும்பு தன் கொம்புகளால் அசுவினியைத் தடவிக் கொடுக்க, அசுவினி ஒரு துளியை வெளியிடும். அதற்குக் கைம்மாறாக, அசுவினியைத் தின்ன வரும் பூச்சிகளை எறும்புகள் விரட்டியடிக்கின்றன. ஆகவே காலையில் வயலைச் சுற்றி வரும் விவசாயி, ஒரு செடியில் எறும்புகள் ஏறி இறங்குவதைக் கண்டால் அந்தச் செடியின் நுனியையும் இலையின் அடிப்புறத்தையும் உடனே திருப்பிப் பார்க்க வேண்டும்.

முட்டையில்லை, குட்டி

தமிழ்நாட்டைப் போன்ற வெப்பமான இடங்களில் காணப்படும் அசுவினிகள் அநேகமாக எல்லாமே பெண்கள்தாம். அவை ஆணின் சேர்க்கை இல்லாமலேயே குட்டி போடுகின்றன. குளிர் நாடுகளில் மட்டும் பல வகைகள் இலையுதிர் காலத்தில் ஆணும் பெண்ணுமாகச் சேர்ந்து, குளிரைத் தாங்கும் முட்டைகளை இடுகின்றன.

ஆணில்லாமல் குட்டி பிறப்பதை 1740-ல் ஜெனீவா நகரைச் சேர்ந்த சார்லஸ் போனே என்ற இளைஞர் மெய்ப்பித்தார். அப்போதுதான் பிறந்த ஓர் அசுவினியைக் கண்ணாடிக் குடுவையின் கீழ்த் தனியாக வைத்து, இரவும் பகலும் கவனித்து வந்தார். வேறொரு அசுவினியின் நிழல்கூடப் படாத அது 95 குட்டிகளை ஈன்றது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. தாயின் வயிற்றிலிருக்கும் குட்டியின் வயிற்றிலேயே அதற்கடுத்த தலைமுறையின் கரு வளரத் தொடங்கிவிடுகிறது. அதனால்தான் பிறந்த குட்டி நான்கு முறை தோலுரித்து, ஏறத்தாழ ஒரு வாரத்தில் தானும் தாயாகிவிடுகிறது. இலைகளில் வெள்ளைத் தவிடு தூவியதுபோல் கிடப்பவை இந்தத் தோல்களே.

ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஒரு தாய் 50 குட்டிகள் போடுவதாகவும், ஒன்றும் சாகாமல் எல்லாம் தாயாவதாகவும் வைத்துக்கொண்டால், இரண்டாம் தலைமுறையில் 2,500. மூன்றாம் தலைமுறையில் 1,25,000. மருந்து தெளித்த செடியில் இலை மடிப்புக்குள் பத்துத் தாய்கள் தப்பினாலும் போதும், சில வாரங்களில் வயல் பழையபடி ஆகிவிடும்.

ஆனால் ஒவ்வோர் ஆண்டும் எல்லா வயல்களிலும் அப்படி நடப்பதில்லை. பலத்த மழை கழுவித் தள்ளிவிடுகிறது. கோடை வெயிலின் கடுமையில் பெருக்கம் மட்டுப்படுகிறது. இவற்றைவிட முக்கியமாக, அசுவினியைத் தின்று வாழும் பூச்சிகள் அந்தக் கணக்கைக் கலைத்துவிடுகின்றன.

எந்தப் பயிரில் எந்த அசுவினி

அவரை, தட்டைப்பயறு, உளுந்து, பாசிப்பயறு, நிலக்கடலை ஆகியவற்றில் காணப்படுவது பளபளப்பான கறுப்பு அசுவினி. அதன் குட்டிகள் சாம்பல் பூத்ததுபோல் இருக்கும். பருத்தி, வெண்டை, கத்தரி, பூசணி, மிளகாய் ஆகியவற்றைத் தாக்கும் பருத்தி அசுவினி மஞ்சள் கலந்த பச்சை முதல் கரும்பச்சை வரை பல நிறங்களில் இருக்கும். புகையிலையிலும் மிளகாயிலும் இளம்பச்சை அல்லது இளஞ்சிவப்பு நிற அசுவினி வரும். முள்ளங்கி, கடுகு, முட்டைக்கோஸ் குடும்பத்துக்குத் தனி வகைகள் உண்டு. சோளத்தின் குருத்துக்குள் நீலம் கலந்த கரும்பச்சை அசுவினியும், இலையடியில் மஞ்சள் அசுவினியும் தங்கும். வாழையில் வருவது பழுப்பு நிற அசுவினி. அது பெரும்பாலும் இலைக் காம்பின் அடியிலும், சுருள் விரியாத இளம் இலையிலும், தரையோரமாகப் பக்கக் கன்றுகளிலும் மறைந்திருக்கும்.

மிளகாய்ச் செடியில் இலை சுருண்டாலே அசுவினி என்று முடிவு செய்துவிடக் கூடாது. இலையின் ஓரங்கள் மேல்நோக்கிச் சுருண்டால் இலைப்பேனாக இருக்கலாம். கீழ்நோக்கி வளைந்து காம்பு நீண்டால் முரணைச் சிலந்தியாக இருக்கலாம். இலையைத் திருப்பிப் பார்த்து, பூச்சியை நேரில் கண்ட பிறகே முடிவு செய்ய வேண்டும்.

நோய் பரப்பும் இரண்டு வழிகள்

சாறு உறிஞ்சுவதால் வரும் நஷ்டத்தைவிட, நச்சுயிரி நோய்களைப் பரப்புவதால் வரும் நஷ்டம் பல பயிர்களில் அதிகம். இதில் இரண்டு வழிகள் உள்ளன. இவற்றைப் பிரித்தறிந்தால்தான் மிளகாய் விவசாயியின் வருத்தத்துக்கு விடை கிடைக்கும்.

முதல் வழியில், நச்சுயிரி அசுவினியின் ஊசி நுனியில் மட்டும் ஒட்டிக்கொள்கிறது. நோயுள்ள செடியில் அசுவினி சில வினாடிகள் குத்தி ருசி பார்த்தாலே போதும், நச்சுயிரி தொற்றிவிடும். அடுத்த செடியில் மறுபடி சில வினாடிகள் குத்தினால் நோய் இறங்கிவிடும். அந்த அசுவினி அங்கே தங்கிக் குடிக்க வேண்டும் என்ற அவசியமே இல்லை. மிளகாயின் தேமல் நோய்களும் பப்பாளியின் வளையப் புள்ளி நோயும் இவ்வாறு பரவுகின்றன. பப்பாளியில் அசுவினி கூட்டமாக வாழ்வதில்லை. ஆகவே தோட்டத்தில் பூச்சியே கண்ணில் படாது. ஆனால் நோய் பரவிக்கொண்டிருக்கும். பக்கத்து வயல்களிலிருந்து பறந்து வரும் இறகுள்ள அசுவினிகள் குத்திப் பார்த்து, பிடிக்காமல் அடுத்த மரத்துக்குப் போகின்றன. போகும்போதே நோயைக் கொடுத்துவிடுகின்றன.

மருந்து பட்ட அசுவினி சாவதற்குச் சில நிமிடங்களாவது ஆகும். நோயைக் கொடுக்க அதற்குச் சில வினாடிகள் போதும். எனவே இவ்வகை நோயை மருந்தால் தடுக்க முயல்வது பெரும்பாலும் வீண் செலவே. மருந்தின் உறுத்தலால் பூச்சிகள் கலைந்து, செடி விட்டுச் செடி தாவி, நோய் அதிகமாகப் பரவுவதும் உண்டு.

ஆனால் இவ்வகை நச்சுயிரி ஊசி நுனியில் அதிக நேரம் நிலைப்பதில்லை. நோய் பற்றாத வேறொரு செடியில் ஓரிரு முறை குத்தினாலே ஊசி சுத்தமாகிவிடும். ஆகவே மிளகாய், பப்பாளி வயல்களைச் சுற்றி இரண்டு மூன்று வரிசை சோளம் அல்லது மக்காச்சோளம் முன்கூட்டியே விதைத்து வைப்பது நல்லது. பறந்து வரும் அசுவினி முதலில் அதில் இறங்கிக் குத்தும். மிளகாய் நாற்றங்காலை நைலான் வலையால் மூடுவதும், நோய் கண்ட செடியை ஆரம்பத்திலேயே பிடுங்கி அழிப்பதும் மருந்தைவிடப் பயன் தருபவை.

இரண்டாம் வழியில், நச்சுயிரி சாற்றோடு சேர்ந்து அசுவினியின் உடலுக்குள் சென்று, இரத்தத்தில் கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வருகிறது. இதற்கு அசுவினி நோயுள்ள செடியில் சில மணி நேரம் குடிக்க வேண்டும். ஒருமுறை ஏற்றுக்கொண்டால் பல நாட்கள் வரை நோயைக் கொடுத்துக்கொண்டிருக்கும். வாழையின் முடிக்கொத்து நோய் இவ்வகை. 1920-களில் ஆஸ்திரேலியாவின் வாழைத் தோட்டங்களை இந்நோய் பாழாக்கியபோது, அதைப் பரப்புவது வாழை அசுவினியே என்பதை மேகி என்ற விஞ்ஞானி கண்டறிந்தார். நோயுள்ள வாழைகளை ஒன்று விடாமல் அழிக்கும் திட்டத்தால் அங்கே வாழைச் சாகுபடி மீண்டது.

1940 வாக்கில் இந்நோய் இலங்கையிலிருந்து தென்னிந்தியாவுக்கு வந்தது. பழனிப் பஞ்சாமிர்தத்துக்குப் பெயர்பெற்ற விருப்பாட்சி வாழை கீழ்ப் பழனி மலைப் பகுதியில் பெருமளவு அழிந்ததற்கு முடிக்கொத்து நோயே முக்கிய காரணம். நோய் கண்ட வாழையின் புதிய இலைகள் குறுகி, விறைத்து, உச்சியில் கொத்தாக நிற்கும். இலைக் காம்பிலும் நடுநரம்பிலும் கரும்பச்சைக் கோடுகளும் புள்ளிகளும் தெரியும். அந்த மரத்தின் பக்கக் கன்றுகளிலும் நோய் இருக்கும் என்பதால், அவற்றை எடுத்து நடுவதும் பிறருக்குக் கொடுப்பதும் கூடாது.

நோயுள்ள வாழையை அப்படியே வெட்டிச் சாய்த்தால், அதிலுள்ள அசுவினிகள் நோயைச் சுமந்துகொண்டு அடுத்த வாழைக்குப் போய்விடும். முதலில் குருத்து, காம்பின் அடி, கன்றுகள் ஆகிய இடங்களில் மருந்திட்டு அசுவினியைக் கொல்ல வேண்டும். பிறகே கிழங்கோடு தோண்டி, துண்டு துண்டாக நறுக்கி அழிக்க வேண்டும். புதிதாக நடுவதற்கு நோயற்ற தோட்டத்துக் கன்றுகளையோ, நச்சுயிரிச் சோதனை செய்யப்பட்ட திசு வளர்ப்புக் கன்றுகளையோ வாங்க வேண்டும்.

வயலில் இருக்கும் நண்பர்கள்

அவரைப் பந்தலில் அசுவினி மீண்டும் பெருகியதற்குக் காரணத்தை இங்கே காணலாம். பொறிவண்டு அசுவினியின் முதல் எதிரி. வயல்களில் அதிகமாகக் காணப்படும் ஒரு வகைக்கு, மஞ்சள் அல்லது ஆரஞ்சு முதுகில் கறுப்பு வளைகோடுகள் இருக்கும். வண்டு மட்டுமின்றி அதன் புழுவும் அசுவினியைத் தின்னும். புழு முதலைக் குட்டியைப்போல் நீண்டு, கறுப்பாக, வேகமாக ஓடும். இதைப் பயிரைத் தின்னும் புழு என்று எண்ணிக் கொன்றுவிடுபவர்கள் உண்டு. ஒரு புழு வளர்ந்து முடிவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றுவிடும்.

கத்தரி இலையைச் சுரண்டித் தின்னும் புள்ளி வண்டும் பார்வைக்குப் பொறிவண்டைப் போலவே இருக்கும். ஆனால் அதன் முதுகு பளபளப்பின்றி மங்கலாக, நுண்ணிய மயிர்களோடு, பல கறுப்புப் புள்ளிகளுடன் இருக்கும். அதன் புழு மஞ்சள் நிறமாக, முட்கள் நிறைந்து, நகராமல் இலையோடு ஒட்டியிருக்கும். இரண்டையும் வேறுபடுத்தி அறிய வேண்டும்.

பச்சைக் கண்ணாடிச் சிறகுப் பூச்சியின் புழுவும், சிர்பிட் என்ற ஈயின் காலில்லாத புழுவும் அசுவினிகளை உறிஞ்சிக் கொல்கின்றன. எறும்பைவிடச் சிறிய ஒட்டுண்ணிக் குளவி அசுவினியின் உடலுக்குள் முட்டையிடும். அந்த அசுவினி உப்பி, காய்ந்த கடுகுபோல் பழுப்பாக இலையில் ஒட்டிக்கொள்ளும். இத்தகைய காய்ந்த உடல்கள் அதிகமாகத் தெரிந்தால் குளவிகள் வேலை செய்கின்றன என்று பொருள்.

எல்லாப் பூச்சிகளையும் கொல்லும் மருந்தைத் தெளிக்கும்போது இந்த நண்பர்களும் சாகின்றன. அசுவினியோ ஒரு வாரத்தில் தாயாகிவிடும். பொறிவண்டு முட்டையிட்டு, புழுவாகி, கூட்டுப்புழுவாகி, வண்டாவதற்கு இரண்டு மூன்று வாரங்கள் வேண்டும். அந்த இடைவெளியில் தப்பிப் பிழைத்த அசுவினி தடையின்றிப் பெருகுகிறது.

கரும்பு கற்பித்த பாடம்

2002-ல் மகாராஷ்டிரத்தின் சாங்க்லிப் பகுதிக் கரும்பில் வெள்ளைப் பஞ்சு மூடிய அசுவினி திடீரென்று தோன்றியது. அதற்குமுன் அது வடகிழக்கு மாநிலங்களில் காணப்பட்ட பூச்சி. விரைவில் கர்நாடகத்துக்கும் தமிழ்நாட்டுக்கும் பரவி, இலைகளைக் கரும்படலத்தால் மூடியது. வளர்ந்த கரும்புக்குள் புகுந்து தெளிப்பது கடினம், செலவும் தாங்காது. ஆனால் அசுவினியைத் தின்னும் டைஃபா என்ற அந்துப்பூச்சியின் புழுவும், மைக்ரோமஸ் என்ற பழுப்புச் சிறகுப் பூச்சியும் வயல்களில் பெருகின. என்கார்சியா என்ற சிறு குளவி அசாமிலிருந்து கொண்டுவந்து விடப்பட்டது. இவற்றால் பஞ்சு அசுவினி கட்டுக்குள் வந்தது. நண்பர்கள் பெருகும் வயலில் மருந்தைத் தவிர்த்தவர்களுக்குச் செலவும் மிச்சமாயிற்று.

விவசாயிகள் செய்ய வேண்டியவை

வாரம் ஒருமுறை வயலின் நான்கு மூலைகளிலும் நடுவிலும் சில செடிகளின் நுனியையும் இலையடியையும் திருப்பிப் பார்க்க வேண்டும். அசுவினி தொடக்கத்தில் வயல் முழுவதும் வருவதில்லை. அங்கங்கே சில செடிகளில்தான் வரும். அந்நிலையில் பூச்சி மொய்த்த நுனிகளைக் கிள்ளி, சோப்புத் தண்ணீரில் போட்டு அழித்துவிடலாம். வீட்டுத் தோட்டத்து அவரைக்குத் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சியடித்தாலே பெரும்பகுதி விழுந்துவிடும்.

தழைச்சத்து உரத்தை அளவுக்கு மீறி இடக் கூடாது. யூரியா அதிகமானால் தழை கொழுத்து, சாற்றில் அசுவினிக்கு வேண்டிய சத்து கூடி, அது வேகமாகப் பெருகும். உரத்தைப் பிரித்து இடுவது நல்லது.

இறகுள்ள அசுவினிகளை மஞ்சள் நிறம் கவரும். ஏக்கருக்கு ஐந்து மஞ்சள் ஒட்டுப்பொறிகளைப் பயிரின் உயரத்துக்குச் சற்று மேலே வைத்தால், அசுவினி வரத் தொடங்குவதை முன்கூட்டியே அறியலாம்.

செடிகளில் அசுவினி மிகுந்து நண்பர்கள் குறைவாக இருந்தால், முதலில் வேப்பங்கொட்டைப் பருப்புச் சாற்றைத் தெளிக்கலாம். 10 லிட்டர் தெளிப்பானுக்கு அரை கிலோ பருப்பு வேண்டும். பருப்பை இடித்து, துணியில் கட்டி, சிறிது தண்ணீரில் இரவு முழுவதும் ஊறவைக்க வேண்டும். காலையில் நன்றாகப் பிழிந்து வடிகட்டி, 20 கிராம் சோப்பைக் கரைத்துச் சேர்த்து, 10 லிட்டராக்கிக் கொள்ள வேண்டும். அன்றே, மாலை வெயில் தாழ்ந்த பிறகு தெளிக்க வேண்டும். ஏக்கர் கணக்கில் தெளிப்பவர்கள் 100 லிட்டருக்கு 5 கிலோ பருப்பு, 200 கிராம் சோப்பு என்று கணக்கிட்டுக் கொள்ளலாம். முதலில் நாலைந்து செடிகளில் தெளித்து, இலை கருகாமல் இருப்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

எதைத் தெளித்தாலும் தெளிப்பானின் முனையைக் கீழிருந்து மேல்நோக்கிப் பிடித்து, இலையின் அடிப்புறமும் நுனியும் நனையும்படி தெளிக்க வேண்டும். மேலாகத் தெளித்துவிட்டுப் போனால் அசுவினியின் மேல் ஒரு துளியும் படாது.

இவற்றுக்கும் அடங்காமல் இரசாயன மருந்து தேவைப்பட்டால், அந்தப் பயிருக்கு இப்போது அனுமதிக்கப்பட்ட மருந்து எது, அளவு என்ன என்பதை வேளாண்மை அலுவலரிடம் கேட்டறிய வேண்டும். முன்பு பரவலாகப் பயன்பட்ட மருந்துகள் சில காய்கறிகளுக்குத் தடை செய்யப்பட்டுவிட்டன. சாற்றோடு ஓடும் மருந்து காய்க்குள்ளும் போகும் என்பதை மறக்கக் கூடாது. லேபிளில் குறித்துள்ள நாட்கள் கழிந்த பிறகே காய் பறிக்க வேண்டும். பூத்திருக்கும் பயிரில் தேனீக்கள் வரும் காலை நேரத்தில் தெளிக்கக் கூடாது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பத் தெளித்தால், அதைத் தாங்கும் அசுவினிகள் மட்டும் தப்பிப் பெருகி, பிறகு அந்த மருந்தே பயனற்றதாகிவிடும்.

அசுவினியைக் கண்டதும் மருந்துக் கடைக்குப் போகுமுன், விவசாயி செடியருகே பத்து நிமிடம் நின்று மூன்றைக் கவனிக்க வேண்டும். கூட்டத்தின் நடுவே பொறிவண்டும் அதன் புழுவும் இருக்கின்றனவா? காய்ந்து பழுப்பான அசுவினிகள் ஒட்டியிருக்கின்றனவா? எறும்பு எத்தனை செடிகளில் ஏறுகிறது? நண்பர்கள் நிறைய இருந்தால் நாலைந்து நாள் பொறுத்து மறுபடி பார்க்கலாம். பல சமயங்களில் அதற்குள் அவை கணக்கை முடித்திருக்கும். மருந்துக்கு வைத்திருந்த பணம் மடியிலேயே இருக்கும்.